கக்கூஸ் வண்டி

எங்கள் தெருவில் என் வண்டிக்குக் 'கக்கூஸ் வண்டி' என்று பெயர். வைத்தவர் யார் என்பது எனக்குத் தெரியும். அவர் மேல் கோபம் இல்லை. அந்த வண்டிக்குள் இரண்டு பேர் படுக்கிற கட்டில் இருக்கிறது, ஒற்றை அடுப்பு இருக்கிறது, சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது, கூரை மேல் சோலார் பலகை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு மூலையில் இருக்கிற ஒன்றை எடுத்துப் பெயர் வைத்திருக்கிறார். சரியாகத்தான் வைத்திருக்கிறார். முதலில் அந்த மூலை இல்லாமல் வண்டியைக் கட்டச் சொன்னவன் நான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரிடம் மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல. கேட்க வேண்டியவளிடம் கேட்டாகிவிட்டது. அவள் இன்னும் கொடுக்கவில்லை.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மதுரையில் தாவரவியல் முதுகலை படித்தேன். கல்லூரி வேலைக்குப் போக நினைத்திருந்த நேரத்தில் அப்பா படுத்துவிட்டதால் போடிக்குத் திரும்பி, போடிமெட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளச் சரிவில் இருந்த எங்கள் ஏலத்தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். வாழ்நாளின் பெரும்பகுதி ஜீப்பில் மேலே ஏறிக் கீழே இறங்கியே போயிற்று. சில வருடங்களுக்கு முன் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டேன். மகன் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு போடி பஜாரில் ஏலக்காய்க் கடை நடத்துகிறான். அவனுக்குக் காய் போதும், செடி வேண்டாம்.

குத்தகைக்கு விட்ட பிறகு ஒரு விஷயம் விளங்கியது. மலைக்குப் போக எனக்கு இனி ஒரு காரணமும் இல்லை. தோட்டத்து வீட்டில் குத்தகைக்காரரின் குடும்பம் இருந்தது. லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கினால் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு லாட்ஜ்தான் தெரிந்தது. காலையில் கண் விழித்ததும் மரநிழலில் ஏலச்செடி நிற்க வேண்டும், பக்கத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் காய் காய்கிற வாசனை வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதற்குச் சக்கரம் வைத்த வீடுதான் வழி என்று முடிவு செய்தேன்.

மகன் கேட்டான்: "வீடு இல்லாமலாப்பா இருக்கோம்? இந்த வயசுல வண்டியில போய்க் குடியிருக்கணுமா?"

"வீடு இருக்குப்பா. மலைதான் இல்ல."

"கீழ விழுந்தா யாரு பாக்குறது?"

"வீட்லயும்தான் விழலாம். இங்க வழுக்காத தரையா போட்டு வச்சிருக்க?"

என் மனைவி போடியில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணமான புதிதில் லீவு விட்டால் என்னோடு தோட்டத்துக்கு வந்துவிடுவாள். பிறகு ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திக்கொண்டாள். கூப்பிட்டால், "ஒத்துக்கலை" என்பாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். வண்டிக்குள் நல்ல கம்பளிப் போர்வை வாங்கிப் போட்டால் வந்துவிடுவாள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

வண்டி பார்க்கக் கோயம்புத்தூர் போனேன். வேன்களை வாங்கி உள்ளே வீடாக மாற்றிக் கொடுக்கிற பட்டறை ஒன்று அங்கே இருந்தது. அதை நடத்துபவர் முப்பது வயது தாண்டாத ஆள், மரியாதையாகப் பேசினார். முதலில் பஸ் அளவில் ஒன்றைக் காட்டினார். உள்ளே ஷவர், சோபா, கல்யாண மண்டபத்து மணமகள் அறை மாதிரி விளக்கு. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் எதிரே லோடு லாரி வந்தால் அந்த வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. அடுத்து, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற மாதிரி ஒன்று. ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தவன் எவனும் அதை மலைக்குக் கொண்டுபோக மாட்டான். மூன்றாவதாக ஒரு குட்டி வேன். நீளம் எங்கள் பழைய ஜீப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தோட்டத்துக்குள் போகிற மண் பாதையில் இரண்டு பலா மரங்கள் நெருக்கமாக நிற்கிற இடம் ஒன்று உண்டு. அதன் இடைவெளியைக் கயிறு பிடித்து அளந்துகொண்டு போயிருந்தேன். கயிற்றை வண்டியின் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். போகும்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் வாங்கியதில்லை. கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்தேன். அலமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து மோந்து பார்த்தேன்; ஏலக்காய்க்காரன் எதையும் மோந்துதான் வாங்குவான், ஒட்டுப் பசை வாடை அடிக்கிற பலகையைப் பக்கத்தில் சேர்க்க மாட்டான். பட்டறைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று இரண்டு பலகையை மாற்றச் சொன்னேன். பக்கவாட்டில் இழுத்துவிடும் பந்தல் துணி வேண்டும் என்றேன். சாய்ந்து படிக்கிற மாதிரி தலைமாட்டில் ஒரு விளக்கு.

கடைசியில் அவர் பின்பக்க மூலையைக் காட்டினார். கண்ணாடி பொருத்திய சின்னக் கதவு. உள்ளே பீங்கான் மாதிரி வெள்ளை இருக்கை.

"இதுக்கடியில ஒரு பெட்டி இருக்குங்க சார். வெளியிலிருந்து இந்தக் கதவத் திறந்தா தனியா வந்துரும். சக்கரம் இருக்கு. சூட்கேஸ் மாதிரி இழுத்துட்டுப் போயி எந்த டாய்லெட்லயும் கொட்டிக்கலாங்க. நெறஞ்சா உள்ள சிவப்பு லைட்டு எரியும்."

"யாரு கொட்டுவா?"

"டிரைவர்ட்டச் சொன்னா செஞ்சுருவாருங்க."

"டிரைவர் கிடையாது. நான்தான் ஓட்டுவேன்."

"அப்பப் போற எடத்துல ஒரு ஆளப் புடிச்சுக்கலாங்க சார். அதுக்குன்னு இருப்பாங்கல்லங்க."

நான் யோசித்தேன். என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு மனிதனைக் கூப்பிட்டு என் கழிவை எடுத்துக்கொண்டு போகச் சொல்வது அநியாயம் என்று நினைத்தேன். படித்தவன் இல்லையா. அந்த அநியாயத்தை நான் செய்ய மாட்டேன், ஆகவே இந்த மூலையே வேண்டாம், மலை முழுக்க மறைவிடம் கிடக்கிறது என்று தீர்மானித்தேன். என் மனசாட்சியை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பெட்டியின் கைப்பிடியை என் கை பிடிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யாராவது சொல்லி நான் மறுத்திருந்தால்கூட வேறு விஷயம். தோன்றவே இல்லை. அந்த இடத்தில் சாமான் வைக்க நீளமான ஒரு பீரோ செய்யச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பினேன்.

வண்டி வீட்டு வாசலுக்கு வந்த அன்று தெருவே கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வண்டியைச் சினிமாப் படப்பிடிப்பில்தான் பார்த்திருக்கிறார்கள். எதிர் வீட்டு அம்மாள் ஈரக்கையோடு ஓடி வந்தார்.

"உள்ள எந்த நடிகை இருக்கா?"

"யாரும் இல்லம்மா. எனக்குத்தான்."

"உங்களுக்கா? நீங்க எந்தப் படத்துல நடிக்கிறீக?"

ஜீப்பு ஓட்டுகிற ஒரு பையன் வண்டியைச் சுற்றி வந்து, "அண்ணே, குரங்கணில சூட்டிங்கா? எனக்கும் ஒரு வேசம் கேளுங்கண்ணே, அடிபட்டு விழுற வேசம்னாலும் பரவால்ல," என்றான்.

என் மனைவி எல்லோரும் கலைகிற வரைக்கும் காத்திருந்து வண்டிக்குள் ஏறினாள். அடுப்பைப் பார்த்தாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து மூடினாள். பீரோவைத் திறந்து உள்ளே வெறுமையாக இருப்பதைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இதுல எனக்கு எங்க?" என்றாள்.

"எது எங்க? உனக்குத்தான் ஜன்னல் ஓரம் விட்டிருக்கேனே."

அவள் என்னைப் பார்த்தாள். வகுப்பில் விடை தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போலக்கூட இல்லை. கேள்வியே புரியாத பிள்ளையைப் பார்ப்பது போல. "நல்லாயிருக்கு. போயிட்டு வாங்க," என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

நான் தனியாகப் போனேன். வீம்புதான். பழைய தோட்டத்துக்கு மேலே, ரோட்டை ஒட்டி, குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வண்டியை நிறுத்தினேன். மழை பெய்தது. தலைக்கு ஒரு முழம் மேலே தகரத்தில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கம்பளிக்குள் படுத்திருந்தேன். விடிந்து பார்த்தால் ஜன்னல் மட்டத்துக்கு ஏலச்செடித் தோகைகள், ஒவ்வொரு நுனியிலும் தண்ணீர். பால் இல்லாமல் கட்டன் சாயா போட்டுக் குடித்தேன். எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்தது. ஆனால் சாயாவை நீட்ட ஆள் இல்லை. போர்த்திக்கொண்டு புதருக்குப் பின்னால் போனதில் காலில் நாலைந்து அட்டை வேறு.

திரும்பி வந்தபோது அவள் அடுப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அவ்வளவு குளிரு இல்ல. போர்வை நல்லாத் தாங்குது. நீயும் வரலாம்."

"குளிரு ஒத்துக்கலைன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"ஒத்துக்கலைன்னு சொல்லுவியே."

"ஒத்துக்கலைன்னுதான் சொன்னேன். என்ன ஒத்துக்கலைன்னு நீங்க கேட்டீகளா?"

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"மெட்டுக்குக் கீழ லாரி படுத்துக் கெடந்துச்சே ஒரு நாளு, ஞாபகம் இருக்கா?"

"நீ டீயைக் கீழ கொட்டுன அன்னைக்கா?"

"அதேதான்."

நன்றாக ஞாபகம் இருந்தது. ஏனென்றால் அதை நான் பல கல்யாண வீட்டுப் பந்திகளில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ரோடு அடைத்துக் கிடந்த நாளில் எங்கிருந்தோ டீ வாங்கி, சூடு ஆறாமல் அவளிடம் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடிக்காமல் ஜீப்புக்கு வெளியே கொட்டிவிட்டாள். எல்லார் முன்னாலும் எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டேன். 'போடிமெட்டு டீயைப் பள்ளத்துக்குக் கொடுத்த மகராசி' என்று அவளைக் காட்டிச் சொல்வேன். பந்தியே சிரிக்கும். அவளும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தமாதிரி இருப்பாள்.

"காலையில தோட்டத்து வீட்ல ஒண்ணுக்குப் போனது," என்றாள். "பொழுது சாயப் போகுது, அந்த வளைவுல நிக்கிறோம். நீங்க எத்தனை தடவை எறங்கிப் போனீக? ஒவ்வொரு தடவையும் வேட்டிய ஒதறிக்கிட்டுச் சீட்டியடிச்சுக்கிட்டு வந்தீக. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முன்னாலயும் பின்னாலயும் ஜீப்பு ஜீப்பா ஆம்பளைக. பின் சீட்டுல தோட்டத்துப் பொம்பளைகளும் நானும் ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கோம். அப்பத்தான் டீயக் கொண்டாந்து, குடி குடிங்கிறீக."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யார்ட்ட? அந்தச் சீட்டியடிச்சவர்ட்டயா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"ஜீப்பு வீடு வந்து சேர்றதுக்குள்ள ஆயிப்போச்சு. சேலையிலயே. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போயி அறுபது பிள்ளைக முன்னால நிக்கிற டீச்சரு. நல்லவேளை இருட்டிருச்சு, யாரும் பாக்கல. நான் உள்ள போயிட்டேன். நீங்க வாசல்ல நின்னு காய்ச் சாக்கு எறக்கிக்கிட்டிருந்தீக. சாக்கு நனைஞ்சிருச்சான்னு தடவித் தடவிப் பாத்தீக."

மொச்சைத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அதுக்கப்புறம் எங்கயும் வரல. மலைக்கு மட்டுமில்ல, எங்கயும்தான். நீங்க மலையத்தான் கவனிச்சீக."

நான் எழுந்து வாசலில் நின்ற வண்டிக்குள் போய் உட்கார்ந்தேன். அந்தப் பீரோ என் எதிரே இருந்தது. அன்றைக்கு நான் தாவரவியல் படித்த மனிதன். ஈரம் பட்டால் காய் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டோரில் காய் காயவைக்கச் சூட்டுக் குழாய் போட்டு, புகை போக்கி வைத்து, வலைத்தட்டு அடித்து, ஒரு கட்டடமே கட்டியிருந்தேன். அந்தக் காயைக் குனிந்து குனிந்து பறித்த பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டவில்லை. யாரோ ஒருமுறை கேட்டபோது 'மலை பூராம் எடம் கெடக்கே' என்று சொன்னது நான்தான். பட்டறையிலும் அதையேதான் சொன்னேன். இடையில் இத்தனை வருடம் போயிருக்கிறது, வார்த்தை மாறவில்லை.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி," என்றாள். கொடுத்தேன் என்று சொல்லவில்லை.

"கோயம்புத்தூருக்குத் திரும்பக் கொண்டுபோயி அந்தப் பீரோவப் பிடுங்கச் சொல்றேன். நீ கேட்டது அங்க வந்துரும்."

"அத யாரு கொட்டுவா?"

"போற எடத்துல ஒரு ஆளு..."

"ஆளா?" பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நான் இத்தனை வருசம் அடக்கி வச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப அத எடுத்து எவனோ ஒருத்தன் தலையில வைக்கவா? ஆளு கீளு கிடையாது. நீங்க கொட்டுனா நான் வர்றேன். இல்லைன்னா பீரோவே இருக்கட்டும், அரிசி போட்டு வைங்க."

என் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் உடனே 'சரி' என்று சொல்லவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கொஞ்சநேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்சநேரத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியை மாற்றிக்கொண்டு வந்த பிறகு பெட்டியில் தண்ணீர் நிறைத்து, வீட்டுக் கொல்லையில் இழுத்து, தூக்கி, கொட்டிப் பழகினேன். நிறைந்தால் நல்ல கனம். சாய்க்கும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் சிதறாமல் விழும். கழுவிவிட்டு உள்ளே நீல நிற மருந்து ஊற்ற வேண்டும். மாடியிலிருந்து மகன் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தான்.

"என்னப்பா இது? நாம வாசனை யாவாரம் பண்றவுகப்பா. கடைக்கு வர்றவன் என்ன சொல்லுவான்?"

"காயி வேணும்னா வாங்கச் சொல்லு."

"அம்மாவுக்குன்னா ஒரு ஆளப் போடுங்க. சம்பளம் நான் தர்றேன்."

"எம்பொண்டாட்டிக்கு நான் செய்றதுக்கு நீ எதுக்குச் சம்பளம் தர்ற?"

"வெளையாடாதீங்க. பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். தாத்தா கக்கூஸ் அள்ளுறாருன்னு சொன்னா எவன் வருவான்?"

"அதச் சொல்லியே பாரு. நிக்கிறவன் நிக்கட்டும், விழுறவன் விழட்டும். நம்ம கடையில சல்லடை வச்சுத்தானப்பா காயத் தரம் பிரிக்கிற?"

அவன் கோபத்தில் மேலே போய்விட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் வயதில் நானாக இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். அடிவாரத்தில் முந்தல் தாண்டி மலை ஏறுகிற இடத்தில் அவள் ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கினாள். தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்புகள் எங்களைத் தாண்டிப் போயின. பாதி மலையில் ஒரு ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். பின்னால் போனாள். சிறிய கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் முன் கண்ணாடி வழியாக நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்து, "ம், போங்க," என்றாள். அவ்வளவுதான் நடந்தது. இது நடக்க ஒரு ஆயுசு பிடித்திருக்கிறது.

அந்த வண்டிக்குள் ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். அவள் உப்புமா கிண்டினால் நான் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். போடி வீட்டில் அவள் அடுப்படியிலும் நான் முன்னறையிலும் நாள் முழுக்கப் பார்க்காமலே இருந்திருக்கிறோம். இங்கே ஒரு டம்ளரை எடுக்க இரண்டு பேரும் பேசித்தான் ஆக வேண்டும். மழை பெய்கிற மத்தியானத்தில் பந்தல் துணியை இழுத்துவிட்டு, அதன் கீழே மடக்கு நாற்காலி போட்டு, அவள் பத்திரிகையில் வந்த எண் புதிரைப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த நேரத்தில் வேறு எந்தத் தோட்டமும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை சிவப்பு விளக்கு எரிந்தது. அவள்தான் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள்.

ரோட்டோரத்துச் சாயாக்கடையில் கழிப்பறை இருந்தது. முந்தின நாளே போய்க் கடைக்காரரிடம் மறைக்காமல் கேட்டிருந்தேன். "ஒழிச்சோ அண்ணா, பக்ஷே நல்லாக் கழுவணும்," என்று பாதி மலையாளத்தில், கொட்டிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். பெட்டியை வெளியே இழுத்தேன். பாதி தூரம் போயிருப்பேன், போடியிலிருந்து வந்த ஜீப்பு ஒன்று பக்கத்தில் நின்றது. முன் சீட்டில் எங்கள் தெருக்காரர், இன்னொரு ஏலத்தோட்டக்காரர், பழைய சிநேகிதர்.

"என்னண்ணே, பெட்டியும் கையுமா? வீட்ல சண்டை போட்டுக் கெளம்பிட்டீகளா?"

"இல்லப்பா... தண்ணி டேங்கு. கழுவக் கொண்டுபோறேன்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் நல்ல மனிதர். உடனே கீழே குதித்துவிட்டார். "இந்த வயசுல நீங்க ஏண்ணே இழுக்கிறீக? கொண்டாங்க," என்று கைப்பிடியைப் பிடித்து இரண்டு எட்டு இழுத்தும் விட்டார். ஜீப்பின் பின்னால் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டி ஜன்னலில் என் மனைவியின் முகம் தெரிந்தது. அவள் கூப்பிடவில்லை, சைகை காட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"விடுப்பா," என்றேன். "அது தண்ணி இல்ல. கக்கூஸ் பெட்டி."

"எது?"

"எங்க ரெண்டு பேரு கக்கூசு. கொட்டப் போறேன்."

அவர் கையை எடுத்த வேகத்தில் பெட்டி ஒரு ஆட்டம் ஆடியது. கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த வேட்டியைப் பார்த்தார். பின் சீட்டுப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"ஏண்ணே, இதுக்கு ஒரு ஆளு கெடைக்கலையா?"

"கெடைச்சிருச்சே. நிக்கிறேன்ல."

"என்னண்ணே இப்படிப் பேசுறீக? படிச்சவுக நீங்க."

"படிக்கும்போது இதச் சொல்லித் தரலப்பா. இப்பத்தான் கத்துக்கிறேன். நீ வெரசாப் போயிக் கையக் கழுவு."

அவர் ஜீப்பில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே கையைத் தள்ளி நீட்டிக்கொண்டே போனார். தெருவில் பெயர் வைத்தவர் அவர்தான். நான் கடைக்குப் பின்னால் போய்க் கொட்டினேன். மூக்கைப் பொத்தவில்லை, பொத்த மூன்றாவது கை இல்லை. கழுவினேன், கழுவிய இடத்தையும் கழுவினேன், மருந்து ஊற்றினேன். திரும்பி வந்து மாட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே ஏறினேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பந்தியில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. தோள் இரண்டும் ஆடின.

"தண்ணி டேங்காம்," என்றாள். "பாவம், அந்த மனுசன் வேட்டி."

அன்று சாயங்காலம் காய் பறித்துவிட்டு ஜீப்புக்காக ரோட்டோரம் நின்ற பெண்களை அவள்தான் கூப்பிட்டாள். முதலில் கூச்சப்பட்டார்கள். ஒருத்தி போய்விட்டு வந்து, "ஆத்தா, உள்ள லைட்டு எரியுது, கண்ணாடி இருக்கு, தாப்பாளு இருக்கு," என்று மற்றவர்களிடம் அறிவித்தாள். பிறகு வரிசை நின்றது. கடைசியாக இறங்கியவள் என்னைப் பார்த்து, "ஐயாவுக்குச் சோலி கூடிப்போச்சு," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கூடத்தான் செய்தது. அன்றைக்கு இரண்டாவது முறை இழுத்தேன்.

இந்த ஒரு பெட்டி எதற்கும் ஈடு இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் வேலை செய்த பெண்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. குத்தகைக்காரரிடம் ஸ்டோருக்குப் பக்கத்தில் கழிப்பறை கட்டுங்கள் என்று சொன்னேன். நான் அன்று சொன்ன அதே வாக்கியத்தை அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் விடுவதாக இல்லை. கட்டுகிற வரைக்கும் அவர் வாசலுக்கு எதிரேதான் வண்டியை நிறுத்துவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இறங்க வேண்டிய அன்று மகன் போன் பண்ணினான். பேத்தியைப் பார்க்கத் தேனியிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டாம், ராசிங்காபுரத்தில் அவன் சிநேகிதனின் களத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் வாருங்கள் என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"எப்பா, அவுக என்னைக்கு வர்றாக? அடுத்த ஞாயித்துக்கெழமையா? அதுக்கு வந்துருவோம். வண்டியிலதான் வருவோம், வாசல்லதான் நிக்கும். பொண்ணு பாக்க வர்றவுகள்ல பொம்பளைகளும் இருப்பாகல்ல? அவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்." போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னைக்கு எறங்கலையா?" என்றேன்.

"அதுக்குள்ள என்ன? இன்னும் நாள் கெடக்குல்ல." விரல் விட்டு ஊர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மூணாறுக்குக் கூட்டிப்போன சுற்றுலா. அன்றைக்குத் தலைவலி என்று நின்றுவிட்டாள். அவள் அண்ணன் மகள் வாக்கப்பட்ட கொச்சி; வளைகாப்புக்கு மொய்யை மட்டும் என்னிடம் கொடுத்து அனுப்பினாள். நான் இரண்டு முறை டிக்கெட் எடுத்து இரண்டு முறையும் தனியாகப் போய் வந்த திருச்செந்தூர். ஒவ்வொன்றுக்கும் அவள் சொன்ன காரணம் எனக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொன்றையும் நான் நம்பியிருந்தேன். இவளுக்கு வீட்டை விட்டு நகரவே பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லியும் இருந்தேன்.

"கொச்சி வரைக்கும் உங்களால ஓட்ட முடியுமா?"

"ஓட்டிருவேன்."

"இழுக்க முடியுமா? இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறீக."

"வலிக்கத்தான் செய்யுது."

"வலிக்கட்டும்," என்றாள். கொஞ்சம் கழித்து, "தைலம் கொண்டாந்திருக்கேன்," என்றும் சொன்னாள்.

நான் இறங்கிப் போய்ப் பெட்டியைக் கழற்றிக் கொட்டிக் கழுவி மாட்டினேன். சாயாக்கடையில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒரு வணக்கம் சொன்னேன். வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பிவிட்டு, போடிக்கு இறங்குகிற ரோட்டையும் மூணாறுக்குப் போகிற ரோட்டையும் பார்த்துக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"மூணாறு," என்றாள். "மெதுவாப் போங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."